கடற்கரையிலிருந்து மலைக்கு: எடை குறைந்த உறக்கப் பையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்பது, மார்கழியில் வாடைக் காற்று வீசும் நாட்களில் விடியற்காலையில் ஒரு போர்வையைத் தேட வைக்கும் அளவுக்கு மட்டுமே அறிமுகமான ஒன்று. பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தை மாதத்து இரவுகளில்கூட வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்த ஊர்களிலிருந்து கல்லூரி மாணவர்களும் வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும், இன்னும் ஆர்வம் மிகுந்தவர்கள் உத்தராகண்டின் பனிமலைகளுக்கும் நடைப்பயணம் செல்கிறார்கள். அவர்கள் வாங்கும் பொருட்களில் ஸ்லீப்பிங் பேக் என்று கடைகளில் கேட்டு வாங்கும் உறக்கப் பையைத்தான் மிகக் குறைந்த புரிதலோடு வாங்குகிறார்கள். காலணியைக் காலில் போட்டு நடந்து பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. உறக்கப் பையை மட்டும் விலையையும் நிறத்தையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். அதன் குறை தெரியவருவது, திரும்பிப் போக வழியில்லாத ஒரு மலைச்சரிவில், இரவு இரண்டு மணிக்கு.

முதலில் அந்தப் பை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உறக்கப் பை சூடு தருவதில்லை. சூட்டை உண்டாக்குவது நம் உடல். அந்தச் சூடு வெளியே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே பையின் வேலை. மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் மீன் ஏற்றி அனுப்பும் தெர்மோகோல் பெட்டிக்குக் குளிரூட்டும் திறன் எதுவும் இல்லை. உள்ளே போட்ட ஐஸ் சீக்கிரம் உருகிவிடாமல் காப்பது அதன் சுவருக்குள் அடைபட்ட அசையாத காற்றுதான். உறக்கப் பையும் அதே வேலையைத் திசை மாற்றிச் செய்கிறது. பைக்குள் நிரப்பியிருக்கும் வாத்தின் மென்தூவியோ பாலியெஸ்டர் இழையோ உப்பி நின்று, இலட்சக்கணக்கான சிறு இடைவெளிகளில் காற்றை அசையாமல் நிறுத்தி வைக்கிறது. ஆகவே ஒரு பையின் கதகதப்பு அதன் எடையைப் பொறுத்ததன்று, அது எவ்வளவு உப்புகிறது என்பதைப் பொறுத்தது. கனமான பை கதகதப்பாகவும், லேசான பை குளிராகவும் இருக்கும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

இந்த அடிப்படையிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. பை உப்ப முடியாமல் அமுங்கினால் கதகதப்பு போய்விடும். நனைந்து ஒட்டிக்கொண்டாலும் போய்விடும். உள்ளே அளவுக்கு மீறிய வெற்றிடம் இருந்தால் அதைச் சூடாக்குவதிலேயே உடலின் வெப்பம் செலவாகிவிடும். பசியோடும் களைப்போடும் படுப்பவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த பையாலும் முழு உதவி கிடைக்காது, ஏனென்றால் அடுப்பே அவர்தான்.

அடுத்தது, பையின் மேல் அச்சிட்டிருக்கும் டிகிரி எண். பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட பையின் உட்புறத்தில் ஒரு சிறு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். இந்த முறை ஐரோப்பாவில் 2002-இல் ஈஎன் 13537 என்ற தரநிலையாக வந்து, பின்னர் 2016-இல் ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரநிலையாயிற்று. வெப்பமூட்டப்பட்ட மனித உருவப் பொம்மை ஒன்றுக்கு உள்ளாடை அணிவித்து, பைக்குள் வைத்து, கீழே மெத்தை விரித்துக் குளிர் அறையில் அளந்து இந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள்.

மூன்று எண்களும் மூன்று வேறு நிலைகளைச் சொல்கின்றன. கம்ஃபர்ட் என்பது, 25 வயதும் 60 கிலோ எடையும் 160 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பெண் இயல்பாகக் கைகால் தளர்த்திப் படுத்துக் குளிர் உணராமல் உறங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது, அதே வயதுள்ள ஓர் ஆண் உடலைச் சுருட்டிக்கொண்டு, குளிரால் விழித்துக்கொள்ளாமல் ஓர் இரவை ஒப்பேற்றக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது உறக்கத்தைப் பற்றியதே அன்று. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையும் அபாயத்தோடு, உயிர் போகாமல் ஆறு மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கான எண் அது. கம்ஃபர்ட் அளவுக்கும் எக்ஸ்ட்ரீம் அளவுக்கும் இடையே இருபது டிகிரிக்கும் மேல் இடைவெளி இருப்பது உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால், அது இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டால், தரநிலையின் பெயரும் துணிச்சீட்டில் இல்லாவிட்டால், அந்த எண்ணை நம்பி மலை ஏறக் கூடாது.

கடலோரத்துக்காரர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள், ஆணாக இருந்தாலும் சரி. வெப்பத்துக்குப் பழகிய உடலுக்குக் குளிர் சீக்கிரம் உறைக்கிறது. நமக்கு நடுக்கம் வரும் குளிரில் கொடைக்கானல்காரர் அரைக்கைச் சட்டையோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். போகும் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைவிட ஐந்து டிகிரி கூடுதலான குளிரைத் தாங்கும் கம்ஃபர்ட் அளவு நமக்குப் பொருத்தம். அந்த ஐந்து டிகிரிக்காகச் சுமக்க வேண்டிவரும் நூறு, இருநூறு கிராம் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உறக்கம் இல்லாத இரவுக்குப் பிறகு மறுநாள் ஏற்றத்தில் கால்கள் படும் பாட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு சுமையே அன்று.

போகும் இடத்தின் குளிரை எப்படி முன்கூட்டியே கணிப்பது? உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. மார்கழி இரவில் பாம்பனில் 24 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே அங்கே 13 அல்லது 14 டிகிரி குறைந்து, 10 டிகிரி அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது ஒரு தோராயமான தொடக்கம் மட்டுமே. மேகமற்ற இரவில் தரையின் சூடு வானத்தை நோக்கி வேகமாக வெளியேறிவிடுவதாலும், குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்குகளில் வந்து தேங்குவதாலும், புல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் இந்தக் கணக்கைவிட இன்னும் சில டிகிரி இறங்கிவிடும். உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவது இதனால்தான். கூடாரம் போட அனுமதி பெற்ற இடத்திலும் பள்ளத்தைத் தவிர்த்துச் சற்று மேடான இடத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கொடைக்கானல், மூணாறு போன்ற இடங்களுக்கு 0 முதல் 5 டிகிரி வரை கம்ஃபர்ட் உள்ள பை போதும். உத்தராகண்டில் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தா போன்ற சிகரங்களுக்குக் குளிர்காலத்தில் செல்பவர்கள் பனியின்மேல் கூடாரமிட்டுத் தங்குவார்கள். இரவு வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே நன்றாக இறங்கிவிடும் என்பதால் -10 டிகிரி கம்ஃபர்ட் அளவில் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் ஒரே பையை வாங்க நினைப்பது சரியாக வராது. -10 டிகிரிக்கான பைக்குள் கொடைக்கானலில் படுத்தால் வியர்த்துக் கொட்டும். வியர்வை பையை ஈரமாக்கும். ஈரம் விடியற்காலையில் குளிராகத் திரும்பி வரும்.

இனி, பைக்குள் என்ன நிரப்பியிருக்கிறது என்று பார்ப்போம். இரண்டே வகை: வாத்தின் இறகுகளுக்கு அடியில் தோலை ஒட்டி வளரும் மென்தூவி ஒன்று, பாலியெஸ்டர் இழை மற்றொன்று. சீட்டில் டவுன் என்று எழுதியிருந்தால் அது மென்தூவி. ஒரே எடைக்கு மிக அதிகமாக உப்புவதும், மிகச் சிறிதாகச் சுருங்கி முதுகுப் பைக்குள் அடங்குவதும், கவனமாக வைத்திருந்தால் பல்லாண்டு உழைப்பதும் மென்தூவிதான். ஆனால் நனைந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு உப்பும் தன்மையை இழந்துவிடும், காய்வதற்கும் வெகுநேரம் ஆகும். பாலியெஸ்டர் இழை கனமானது, அதிக இடம் பிடிப்பது, மீண்டும் மீண்டும் அழுத்திச் சுருட்டுவதால் சில ஆண்டுகளில் தளர்ந்துபோவது. ஆனால் ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு.

மென்தூவிப் பையை வாங்கும்போது இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபில் பவர் என்பது தூவியின் தரம்: ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை உப்பி நிரப்பும் என்பதைக் குறிக்கும் எண். பொதுவாக 550-இலிருந்து 900 வரை இருக்கும். அதை மட்டும் பார்த்து 800 என்றால் 650-ஐவிடக் கதகதப்பானது என்று முடிவுசெய்யக் கூடாது; எத்தனை கிராம் தூவி நிரப்பியிருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஒரு பையில் 650 தரத்தில் 500 கிராம் இருக்கிறது, இன்னொன்றில் 800 தரத்தில் 400 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதைப் பெருக்கினால் 3,25,000, இரண்டாவது 3,20,000. உப்பும் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளித்துணியும் தைப்பும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கதகதப்பைத் தரும். இரண்டாவது 100 கிராம் லேசாக இருக்கும், விலை கணிசமாகக் கூடும். அந்த 100 கிராமுக்கு அவ்வளவு பணம் தரலாமா என்பதை அவரவர் தீர்மானிக்கலாம். தொடக்கத்தில் தேவையில்லை என்பது என் கருத்து.

எடையைப் பொறுத்தவரை ஓர் அளவுகோல் வேண்டுமானால், 0 டிகிரி கம்ஃபர்ட் உள்ள மென்தூவிப் பை ஒரு கிலோவை ஒட்டியும், அதே அளவுள்ள பாலியெஸ்டர் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேலும் இருக்கும். 5 டிகிரிக்கு மேல் போதும் என்றால் இரண்டிலும் எடை நன்றாகக் குறையும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் 0 டிகிரி தாங்கும் என்று ஒரு பாலியெஸ்டர் பையை மலிவாக விற்றால், மூன்று எண்களில் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்பதை மறுபடியும் பாருங்கள்.

முதல் பையாக இந்தக் கடற்கரையில் வாழும் ஒருவர் எதை வாங்கலாம்? மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செல்பவருக்கு நான் பாலியெஸ்டரையே பரிந்துரைப்பேன். கொடைக்கானல் மலைகளில் மூடுபனியும் சாரலும் கூடாரத்துக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் மென்தூவியைக் காப்பாற்றுவது பழக்கமில்லாதவர்களுக்குக் கடினம். அதைவிடப் பெரிய காரணம், பயணம் முடிந்து வந்த பிறகு அந்தப் பை ஆண்டு முழுவதும் இருக்கப்போகும் இடம் நம் வீடு என்பது. உப்புக்காற்றும் ஈரப்பதமும் நிறைந்த இடத்தில், நசநசத்துப்போன தலையணையையே வாரம் ஒருமுறை வெயிலில் போடும் ஊரில், மென்தூவி பாதுகாப்பாக இருக்க அக்கறையான கவனிப்பு வேண்டும். இமயமலையின் வறண்ட குளிருக்கு அடிக்கடி செல்வது உறுதி என்று ஆன பிறகு மென்தூவிக்கு மாறிக்கொள்ளலாம்.

வடிவத்தில்தான் சௌகரியம் என்ற கேள்வி வருகிறது. தோளில் அகன்று பாதத்தில் குறுகி, தலையை மூடும் முக்காட்டோடு வரும் மம்மி வடிவம் மிக லேசானது, மிகக் கதகதப்பானது. பாயில் கைகாலை விரித்துப் போட்டு உறங்கிப் பழகியவர்களுக்கு அது கட்டிப்போட்டதுபோல மூச்சுமுட்டும். நீள்சதுரப் பை தாராளமானது, ஆனால் கனமும் வெற்றிடமும் அதிகம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும் அடிக்கடி புரள்பவர்களுக்கும் இரண்டுக்கும் நடுவிலான வடிவம் பொருந்தும். குயில்ட் என்ற அடிப்புறம் திறந்த வகையும் உண்டு. இன்னும் லேசானது என்றாலும், புரளும்போது பக்கவாட்டில் காற்று நுழைவதால் முதல் பையாக அதை எடுக்க வேண்டாம்.

கடையில் பையை விரிக்கச் சொல்லி உள்ளே படுத்துப் பாருங்கள். இதில் கூச்சம் தேவையில்லை. பாதத்தை நிமிர்த்தினால் விரல்கள் பையின் நுனியை அழுத்தக் கூடாது, ஏனென்றால் அழுத்தும் இடத்தில் உப்பல் அமுங்கி விரல்கள் சில்லிட்டுப்போகும். விரல்களுக்கு அப்பால் ஒரு சாணுக்கு மேல் வெற்றிடமும் இருக்கக் கூடாது. ஜிப்பை உள்ளே படுத்தபடியே ஒரு கையால் முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்; துணியைக் கடித்துக்கொண்டு நிற்கும் ஜிப் இருட்டில் பெருந்தொல்லை. ஜிப்பின் உள்பக்கம் நீளவாக்கில் திரிபோல் ஓர் உப்பிய குழாய் தைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஜிப்பின் பல்வரிசை வழியாகவே குளிர் உள்ளே வரும். முக்காட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினால் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிய வேண்டும். மூச்சை மட்டும் பைக்குள் விடக் கூடாது. மூச்சுக்காற்றின் ஈரம் முழுவதும் பைக்குள் தங்கிவிடும்.

பையைப் போலவே முக்கியமானது அடியில் விரிக்கும் மெத்தை. நம் உடலின் கீழ்ப்பக்கம் பை முழுவதும் அமுங்கிவிடுவதால் அங்கே அதனால் பயன் ஏதும் இல்லை. தரையின் குளிர் நேராக முதுகில் ஏறும். முன்னே சொன்ன மூன்று எண்களும் பொம்மைக்கு அடியில் மெத்தை இருந்த நிலையில் அளக்கப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். நம் வீட்டு ஓலைப்பாயும் கோரைப்பாயும் சூட்டில் குளிர்ச்சி தருபவை. மலையில் அவை தடுப்பாகா. மெத்தையின் தடுக்கும் திறன் ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. மடக்கும் ஃபோம் மெத்தைக்கு அது ஏறத்தாழ 2 இருக்கும். கொடைக்கானலுக்கு அது போதும். பனியின்மேல் படுப்பதென்றால் 5 வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மெத்தைகளை விரித்தால் இரண்டின் மதிப்பும் கூடும் என்பதால், ஒரு ஃபோம் மெத்தையும் காற்றடைக்கும் மெத்தையும் சேர்ந்து அந்த அளவை எட்டிவிடும்.

பைக்குள் இன்னொரு மெல்லிய உறையைப் போட்டுப் படுப்பது நல்ல பழக்கம். லைனர் என்று விலைக்கு விற்பதைப் பழைய மெல்லிய பருத்திப் புடவையை இரண்டாக மடித்து, அடியையும் ஒரு பக்கத்தையும் தைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கூடுதல் கதகதப்பு சிறிதளவே கிடைக்கும்; ஆனால் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு நின்றுவிடும், பையை அடிக்கடி துவைக்க வேண்டியிராது. பனிமலைக்கு மட்டும் பருத்தியைத் தவிர்த்துப் பட்டோ பாலியெஸ்டரோ கொண்டுசெல்லுங்கள், ஏனென்றால் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடலோர வீட்டில் பையைப் பாதுகாப்பதைப் பற்றிக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. பையோடு கொடுக்கும் சிறிய இறுக்கமான உறை பயணத்துக்கு மட்டுமே உரியது. அதிலேயே மாதக்கணக்கில் திணித்து வைத்தால் எந்த நிரப்பியாக இருந்தாலும் உப்பும் தன்மையை இழக்கும். வீட்டுக்கு வந்ததும் பையைத் திருப்பிப் போட்டு நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு நாள் காயவிட வேண்டும். கடலைப் பார்த்த மொட்டைமாடியில் இரவு முழுவதும் விட்டுவிட்டால் பனியும் உப்பும் படிந்து விடியும்போது முன்னிலும் ஈரமாக இருக்கும், மாலைக்குள் எடுத்துவிடுங்கள். பிறகு பழைய வேட்டியில் தைத்த பெரிய தளர்வான பைக்குள் போட்டு, பீரோவுக்குள் சுவரைத் தொடாமல் தொங்கவிடலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே மாட்டிய ஈரத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பாச்சை உருண்டை போட வேண்டாம், அந்த நெடி எளிதில் போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும். ஜிப்பின் இழுவை உலோகமாக இருந்தால் உப்புக்காற்றில் இறுகிவிடும்; அவ்வப்போது ஏற்றி இறக்கி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

வாங்கிய பையை ஊரிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் அமைந்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே இறங்குவதற்கே அனுமதி வேண்டும். தனுஷ்கோடியிலும் பயணிகள் இரவில் தங்க முடியாது. அப்படித் தங்க முடிந்தாலும் நம் கரையின் இரவு அந்தச் சோதனைக்குத் தகுந்த குளிர் உள்ளதன்று. ஏசி உள்ள அறையில் 16 டிகிரிக்கு வைத்து, தரையில் ஃபோம் மெத்தை விரித்து ஓர் இரவு உறங்கிப் பார்ப்பதே நமக்குக் கைகூடும் வழி. பையின் கதகதப்பை அது காட்டாது. 0 டிகிரிப் பைக்குள் 16 டிகிரியில் புழுங்குவது இயல்பு, அப்போது ஜிப்பைப் பாதி இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வடிவத்துக்குள் உங்களால் உறங்க முடிகிறதா, புரள முடிகிறதா, நடு இரவில் எழுந்து வெளியே வரக் கை ஜிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கிறதா என்பதெல்லாம் அந்த ஓர் இரவில் தெரிந்துவிடும். எனவே மாற்றித் தரும் கெடு முடிவதற்குள், துணிச்சீட்டைக் கிழிக்காமல், இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறைதான் பயணம் என்றால் வாங்காமலேயும் சமாளிக்கலாம். இமயமலைப் பயணங்களை நடத்துபவர்கள் பலர் உறக்கப் பையை வாடகைக்கோ கட்டணத்துக்குள் சேர்த்தோ தருகிறார்கள். பதிவு செய்யும்போதே அதன் கம்ஃபர்ட் அளவைக் கேட்டுக்கொண்டு, உங்கள் புடவை உறையை மட்டும் பட்டிலோ பாலியெஸ்டரிலோ தைத்து எடுத்துச்செல்லுங்கள். சொந்தப் பையோ வாடகைப் பையோ, கூடாரம் போட்டவுடன் முதல் வேலையாக அதை உறையிலிருந்து எடுத்து உதறி விரித்துவிடுங்கள். படுப்பதற்குள் ஒரு மணி நேரமாவது கிடைத்தால்தான் இரயிலிலும் முதுகிலும் அமுங்கிக் கிடந்த நிரப்பி மறுபடியும் முழுமையாக உப்பும். வயிறு நிறையச் சாப்பிட்டு, நடந்தபோது போட்டிருந்த வியர்த்த உடையை மாற்றி, உலர்ந்த காலுறை அணிந்து உள்ளே போங்கள்.